வெக்கையில் பெய்யும் மழைக்கு எந்த ரெயின் ஜாக்கெட்? மலைநடைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறைப் பக்கமோ வயநாட்டிலோ குடகிலோ மலையேறுகிறவருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். மேலே மழை, உள்ளே வியர்வை. கடையில் விற்கும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மலைகளை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. "உள்ளே உலர்ந்தே இருப்பீர்கள்" என்று அதில் தொங்கும் அட்டை சொல்லும். 22 முதல் 28 டிகிரி வெப்பம், காற்றில் 95 சதவீத ஈரப்பதம், முதுகில் பத்து கிலோ, செங்குத்தான ஏற்றம் என்று நான்கும் ஒன்றாகச் சேரும் இடத்தில் அந்த வாக்கை எந்த ஜாக்கெட்டாலும் காப்பாற்ற முடியாது, விலை முப்பதாயிரமாக இருந்தாலும்.

ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்கு ஜாக்கெட் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி வேறு. எவ்வளவு நனைகிறோம், நனைந்தபின் உடம்புச் சூட்டை எப்படித் தக்கவைக்கிறோம் என்பதை இந்த ஜாக்கெட் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க விடுகிறதா? இதற்கு விடை தருவது அட்டையில் அச்சிட்ட எண்கள் அல்ல. ஜிப்புகள், கைமுனை, ஹூட் ஆகியவற்றின் வெட்டுதான்.

முதலில் காரணம்: வெக்கையில் "மூச்சுவிடும்" துணி ஏன் திணறுகிறது

மெம்ப்ரேன் (மழையைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய படலம்) உள்ள துணி வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுவதில்லை. உள்ளே நீராவி அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசத்தால்தான் ஆவி வெளியேறுகிறது. தோலை ஒட்டிய காற்று 35 டிகிரியில் ஆவியால் நிறைந்திருந்தால் அதன் அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 10 டிகிரியில் மழை பெய்தால் அங்கே 1.2. வித்தியாசம் 4.4. அதே மழை 25 டிகிரியில் பெய்தால் வெளியே 3.2, வித்தியாசம் 2.4 மட்டும். அதாவது ஸ்காட்லாந்தில் வேலை செய்யும் அதே துணி சிறுவாணிக் காட்டில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஆவியை வெளியேற்றும். இது துணியின் குறையல்ல, வெளிக்காற்றில் இடமில்லை.

ஏற்றத்தில் சுமையோடு நடக்கும் உடம்பு 400 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாக்கும். அத்தனையையும் வியர்வை ஆவியாகியே வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். ஜாக்கெட் துணி வழியாக அவ்வளவு போகாது. மிச்சம் துணியின் உட்புறத்தில் படிந்து, சட்டையை நனைத்து, இடுப்புக்கு வழியும். "ஜாக்கெட் ஒழுகுகிறது" என்று கடைக்குத் திரும்பி வருபவர்களில் பலரை நனைத்தது இந்த நீர்தான்.

இன்னொன்றும் உண்டு. துணியின் வெளிப்புறத்தில் டி.டபிள்யூ.ஆர். என்ற நீர்விலக்கிப் பூச்சு இருக்கும். புதிதில் சேம்பிலைமேல் உருள்வது போல மழைத்துளி உருண்டு ஓடும். பையின் தோள்பட்டை உரசும் இடத்திலும், மண்ணும் வியர்வையெண்ணெயும் படும் இடத்திலும் பூச்சு தேயும். அங்கே வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கருத்துவிடும். மெம்ப்ரேன் அப்போதும் மழையை உள்ளே விடாது. ஆனால் வெளியே தண்ணீர்ப் படலம் போர்த்தியிருப்பதால் ஆவி போக வழியில்லை. ஃப்ளோரின் கலக்காத இன்றைய பூச்சுகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை, ஆனால் அழுக்குக்கும் எண்ணெய்க்கும் பழையவற்றைவிடச் சீக்கிரம் தோற்கின்றன. அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வையுங்கள்.

படி 1: எங்கே, எப்போது நடக்கப்போகிறீர்கள்

ஜூன் முதல் டிசம்பர் வரை மூன்று வகையான மழை இருக்கிறது.

மரம் மூடிய தாழ்வான காடு, தோட்டப் பாதை: வெக்கை அதிகம், காற்று குறைவு. இங்கே நனைவதால் ஆபத்து குறைவு, வெந்துபோவதுதான் தொல்லை. ஜாக்கெட் பெரும்பாலும் பையிலேயே இருக்கும்.

திறந்த புல்வெளி முகடு: குதிரைமுகம், குமாரபர்வதம், மேகமலையின் மேற்பகுதி போன்றவை. அடிவாரத்தில் 27 டிகிரி இருந்தால், மேகத்துக்குள் 1,500 மீட்டர் ஏறிய பிறகு 18 அல்லது 19 இருக்கும். அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று. நனைந்த சட்டையோடு அரைமணி நேரம் நின்றால் பற்கள் தட்டும், விரல்கள் சொன்னதைக் கேட்காது. வெப்பநாட்டிலும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஜாக்கெட் உயிர் காக்கும் பொருளாவது இங்கேதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை: கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை, கொடைக்கானலின் கிழக்குச் சரிவு. பெரும்பாலும் மாலையில் இடியோடு கொட்டித் தீர்த்து நிற்கும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய ஜாக்கெட்டே போதும், நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் பல தடங்களை வனத்துறை மூடிவிடும். ஜாக்கெட் வாங்குவதற்கு முன் அனுமதி கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஜாக்கெட்தான் வேண்டுமா?

பைக் ஓட்டும்போது போடும் பி.வி.சி. ரெயின்கோட்டை மலைக்கு எடுத்துப்போகாதீர்கள். வண்டியில் உட்கார்ந்திருப்பவர் அதிக வெப்பம் உண்டாக்குவதில்லை, எதிர்க்காற்றும் கிடைக்கிறது. நடக்கிறவருக்கு இரண்டும் தலைகீழ். போதாததற்கு எடையும் ஒரு கிலோவை நெருங்கும்.

குடை கேலிக்குரிய பொருளல்ல. எஸ்டேட் ரோட்டிலும் அகலமான காட்டுப்பாதையிலும் 250 கிராம் குடையைவிடக் காற்றோட்டமான மழைக்காப்பு கிடையாது. உண்ணிச்செடிப் புதரிலும் மூங்கில் நெருக்கத்திலும் கிழியும். முகட்டுக் காற்றில் புரண்டுகொள்ளும். இடி இடிக்கும்போது திறந்தவெளியில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கவே கூடாது.

போஞ்சோ, அதாவது தலைவழியே மாட்டும் அகலமான மழைப்போர்வை, முதுகுப்பையையும் சேர்த்து மூடும், கீழிருந்து காற்று வரும். ஆனால் இறங்கும்போது கால் வைக்கும் கல் தெரியாது. வழுக்குப்பாறை உள்ள தடத்துக்கு அது வேண்டாம்.

கால்களுக்கு மழைபேண்ட் தேவையே இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. வெக்கையில் அதைப்போல வியர்க்க வைப்பது வேறொன்றில்லை. சீக்கிரம் உலரும் மெல்லிய பேண்ட் நனையட்டும். ஈரப்புதர் உரசி நனைவதைக் குறைக்க, முழங்கால் வரை வரும் மெல்லிய மழைப்பாவாடை 60 முதல் 80 கிராமில் கிடைக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வது இதே கணக்குத்தான். கீழே திறந்திருப்பதால் புழுங்காது.

இரண்டு நாளுக்கு மேல் போகிறவருக்கு எங்கள் சிபாரிசு: ஒரு ஜாக்கெட், ஒரு சிறு குடை. இரண்டும் சேர்ந்து 500 முதல் 600 கிராம்.

படி 3: துணி

வெளித்துணி நூலின் பருமனை டீனியர் என்ற அளவில் சொல்வார்கள். 7, 10 டீனியர் துணி 150 கிராமுக்கும் குறைவான ஜாக்கெட்டுக்கு ஆசை காட்டும். பத்து கிலோ பையின் பட்டை நாளெல்லாம் உரசினால் தோளில் முதலில் தேய்வது அதுதான். உண்ணிச்செடி முள்ளுக்கும் அது தாங்காது. 20 முதல் 40 டீனியர் வரை வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை 250 முதல் 350 கிராம் வரும். நூறு கிராம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரே பருவத்தில் கிழியும் துணியை வாங்குவது லாபமில்லை.

அடுத்தது அடுக்கு. இரண்டு அடுக்கு ஜாக்கெட்டில் உள்ளே வலைத்துணி தொங்கும். நனைந்தால் கனக்கும், உலர இரவு முழுக்க ஆகும். நகரத்துக்குச் சரி, மலைக்கு வேண்டாம். இரண்டரை அடுக்கு என்பது உட்புறத்தில் மெல்லிய பூச்சு அல்லது புள்ளி அச்சு மட்டும் உள்ளது. மலிவு, எடை குறைவு, ஆனால் வெறுங்கையில் பிளாஸ்டிக் போல ஒட்டும். மூன்று அடுக்கில் உட்புறம் மெல்லிய துணி பிணைத்திருப்பதால் ஒட்டாது, நாள்பட உழைக்கும். அரைக்கைச் சட்டையோடு நடக்கிறவருக்கு இந்த வித்தியாசம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இரண்டரை அடுக்குதான் வாங்க முடியும் என்றால் உள்ளே மெல்லிய முழுக்கைச் சட்டை போடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பலர் ஒதுக்கும் ஒரு வகையையும் பாருங்கள்: சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர். இது மூச்சே விடாது. ஆனால் வெக்கையில் மெம்ப்ரேனும் பெரிதாக மூச்சுவிடப் போவதில்லை என்று மேலே பார்த்தோம். அக்குள் ஜிப் நீளமாக வைத்து, தொளதொளவென்று தைத்த சிலிக்கோன் ஜாக்கெட், ஜிப் இல்லாத விலையுயர்ந்த மெம்ப்ரேன் ஜாக்கெட்டைவிட இங்கே சுகமாக இருக்கும். தண்ணீரைக் குடிக்காததால் உதறினாலே உலரும். இருபுறமும் சிலிக்கோன் பூசிய துணியில் தையல் துளைகளை மூடும் டேப் ஒட்டாது, சிலிக்கோன் பசை பூசி அடைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனி எண்கள். தண்ணீர் அழுத்தம் தாங்கும் அளவு (எவ்வளவு உயர நீரை ஒழுகாமல் துணி தாங்கும் என்பது) 10,000 மில்லிமீட்டர் இருந்தால் பைப்பட்டை அழுத்தும் இடத்துக்கும் போதும். 20,000 என்பதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். ஆவி போகும் அளவை "24 மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 20,000 கிராம்" என்பது போல எழுதுவார்கள். இதை அளக்கும் முறைகள் பல. ஒரே துணி ஒரு முறையில் காட்டும் எண் இன்னொரு முறையில் பல மடங்காகும். எந்த முறை என்று எழுதாத எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். ஆவி போவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஆர்.இ.டி. என்ற அளவு இருந்தால் அதை நம்பலாம். எண் குறையக் குறைய நல்லது: 6-க்குக் கீழே மிக நன்று, 13-க்குள் பரவாயில்லை, 20-க்கு மேல் திணறும். அதையும் 35 டிகிரியில், 40 சதவீத ஈரப்பதமுள்ள ஆய்வகக் காற்றில், உலர்ந்த துணியில்தான் அளக்கிறார்கள். நம் காட்டில் 40 சதவீதத்தைப் பங்குனியில்தான் பார்க்கலாம்.

படி 4: திறப்புகள்

பணம் போகவேண்டிய இடம் இதுதான்.

அக்குள் ஜிப் குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் முக்கியம். முதுகுப் பக்கம் சாய்ந்திருந்தால் பைப்பட்டை அதை அடைத்துவிடும். பக்கவாட்டிலோ நெஞ்சுப் பக்கம் சற்று முன்னோக்கியோ இருப்பதே நல்லது. அவுட்டோர் ரிசர்ச் நிறுவனத்தின் ஃபோரே ஜாக்கெட்டில் கீழ்விளிம்பிலிருந்து கை வரை பக்கவாட்டு ஜிப் முழுவதும் திறக்கும், கிட்டத்தட்ட போஞ்சோவாகவே ஆகிவிடும். வெக்கை மழைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது. பேடகோனியா டோரன்ட்ஷெல், மார்மட் ப்ரீசிப் ஆகியவற்றிலும் அக்குள் ஜிப் உண்டு. அதே அவுட்டோர் ரிசர்ச்சின் ஹீலியம் எடையில் பாதிதான், ஆனால் அக்குள் ஜிப் கிடையாது. வடகிழக்குப் பருவமழை மாலைக்கு அது போதும், ஜூலை மாத ஏற்றத்துக்குப் போதாது.

முன் ஜிப் கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப்பாக இருந்தால் இடுப்புப்பட்டைக்கு மேலே கொஞ்சம் திறந்து விடலாம். நெஞ்சுப் பாக்கெட்டின் உட்பை வலைத்துணியாக இருந்தால் பாக்கெட்டைத் திறந்தாலே காற்று வரும். கைமுனை முழங்கை வரை ஏறும் அளவுக்கு அகலமாகவும், வெல்க்ரோவால் இறுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக் கைமுனை தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். ஊன்றுகோலோடு கையைத் தூக்கி நடக்கிறவருக்கு முழங்கை வரை ஈரம் வருவது அந்த வழியாகத்தான்.

ஹூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். தலையைத் திருப்பினால் ஹூட்டும் கூடவே திரும்ப வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் துணியைத்தான் பார்ப்பீர்கள். முன்விளிம்பு விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே தொப்பி போட வேண்டும். அதைவிட முக்கியமானது காது. மொறமொறக்கும் துணியில் மழை விழும் சத்தத்துக்குள் இருபதடி தூரத்தில் மூங்கில் முறிவது கேட்காது. யானை நடமாடும் காட்டில் ஹூட்டை இறக்கிவிட்டு, விளிம்புள்ள தொப்பியோடு நடப்பதுதான் புத்திசாலித்தனம். தலை நனையட்டும், காது திறந்திருக்கட்டும். நிறமும் இதே காரணத்தால்தான்: பச்சை, சாம்பல், பழுப்பு. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் பனிமலைக்கு.

படி 5: கடையில் பத்து நிமிடம்

உங்கள் பையை எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் டெகத்லான் போன்ற கடையில் அங்கே தொங்கும் பையில் நாலு கிலோ எதையாவது போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

1. ஜாக்கெட், அதன்மேல் பை, இடுப்புப்பட்டை, நெஞ்சுப்பட்டை எல்லாம் மாட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ்விளிம்பு தொப்புளுக்கு மேலே ஏறினால் அடுத்த அளவு எடுங்கள். வெக்கைக்கு ஒரு அளவு தொளதொளப்பாக இருப்பது நல்லதே.

2. அக்குள் ஜிப்பைப் பை மாட்டிய நிலையிலேயே, ஒரு கையால் திறந்து மூடிப் பாருங்கள். கழற்றினால்தான் திறக்கும் ஜிப்பை மலையில் யாரும் திறப்பதில்லை.

3. உட்புறத்தைத் திருப்பி ஒவ்வொரு தையலின்மேலும் டேப் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். தோளிலும் ஹூட்டிலும் மட்டும் ஒட்டிவிட்டுப் பக்கத் தையலை விட்டிருப்பார்கள். டேப்புகள் குறுக்கே சந்திக்கும் இடம், குறிப்பாக அக்குள், முதலில் உரியும். அங்கே குமிழோ சுருக்கமோ இருந்தால் அந்த உருப்படியை வைத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.

4. பாக்கெட்டுகள் இடுப்புப்பட்டைக்கு மேலே வருகின்றனவா என்று பாருங்கள்.

ஃப்ராக் டாக்ஸ் போன்ற நெய்யாத துணி ஜாக்கெட்டுகளும் உண்டு. விலையும் எடையும் மிகக் குறைவு, ஆவியும் நன்றாகவே போகும். முள்ளில் மாட்டினால் காகிதம் போலக் கிழியும். தார்ரோட்டு நடைக்கு மட்டும். மெம்ப்ரேனையே வெளிப்புறத்தில் வைத்த கொலம்பியா அவுட்ட்ரை எக்ஸ்ட்ரீம் வகை தண்ணீரைக் குடிப்பதில்லை, டி.டபிள்யூ.ஆர். கவலையே கிடையாது. தோற்றம் சற்று ரப்பர்போல இருக்கும்.

படி 6: வீட்டில் சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள். உள்ளே வெளிர்சாம்பல் பருத்திச் சட்டை (ஈரப்பட்டால் உடனே கருத்துக் காட்டும்), மேலே ஜாக்கெட், எல்லா ஜிப்பும் மூடி, ஷவருக்குக் கீழே அசையாமல் பத்து நிமிடம். கழற்றிப் பாருங்கள். தோள், முன் ஜிப்பின் ஓரம், ஹூட்டின் கழுத்துத் தையல் ஆகிய இடங்களில் கருமை தெரிந்தால் ஒழுகுகிறது. அசையாமல் நின்றதால் இது வியர்வையாக இருக்காது. மலையில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் வீட்டிலேயே செய்யச் சொல்கிறோம்.

படி 7: தடத்தில்

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். மெல்லிய பாலியஸ்டர் சட்டை ஒன்று போதும். தூறல் விழுந்ததும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கால்மணி நேரத்தில் மழையைவிட வியர்வை அதிகம் நனைத்துவிடும். மரத்தடியில் ஏறும்போது நனைந்தபடியே ஏறுங்கள். மரக்கோடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே, குளிர்வதற்குள், நின்று மாட்டுங்கள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலை ஜாக்கெட். அக்குள் ஜிப்பை எப்போதும் திறந்தே வைத்து, சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது மட்டும் மூடுங்கள்.

பைக்கு மேலுறை போட்டாலும் முதுகுக்கும் பைக்கும் நடுவே தண்ணீர் இறங்கும். பைக்குள் தடித்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். உள்ளே தனியாக இன்னொரு பையில் இரவுக்கான உலர்ந்த சட்டை, பேண்ட், சாக்ஸ். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதை நடக்கும்போது எடுக்கக் கூடாது. காலையில் ஈரச்சட்டையை மறுபடி மாட்டுவது கொடுமைதான், மாட்டித்தான் ஆக வேண்டும். ஐந்து நிமிட ஏற்றத்தில் உடம்புச் சூடு அதைச் சரிசெய்துவிடும்.

படி 8: துவைப்பும் பாதுகாப்பும்

நான்கைந்து நாள் நடைக்கு ஒருமுறை துவைக்க வேண்டும். சலவைத்தூள் வேண்டாம், கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி வேண்டவே வேண்டாம். அவை துணியில் தங்கி மழைத்துளியை இழுக்கும். நிக்வாக்ஸ் டெக் வாஷ் போன்ற சோப்பு நல்லது. கிடைக்காவிட்டால் மணமில்லாத திரவ சோப்பு சிறிதளவு போட்டு, நுரை முழுக்கப் போகும்வரை மூன்று முறை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். உலர்ந்தபின், லேபிள் அனுமதித்தால், மேலே பருத்தித் துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சோர்ந்த டி.டபிள்யூ.ஆர். பூச்சு சூட்டில் மறுபடி எழும். அதன்பிறகும் தோளில் தண்ணீர் உருளாமல் பரவினால்தான் புதுப்பூச்சு வாங்க வேண்டும். சிலிக்கோன் ஜாக்கெட்டுக்கு இந்த இஸ்திரி, பூச்சு வேலை எதுவும் கிடையாது.

நம் ஊரில் ஜாக்கெட்டைக் கொல்வது மழையைவிட அலமாரிதான். பாலியூரிதேன் பூச்சும் சீம் டேப்பும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வேதிமாற்றம் அடைந்து பிசுபிசுக்கும், பிறகு பொருக்குப் பொருக்காக உரியும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில், சுருட்டிப் பைக்குள் திணித்து ஈரத்தோடு வைத்த ஜாக்கெட் இரண்டு மூன்று ஆண்டில் இப்படி ஆகும். முழுக்க உலர்த்தி, ஹேங்கரில், ஜிப் திறந்து தொங்கவிட்டால் ஆயுள் கூடும். காரின் டிக்கியில் வைக்கவே கூடாது.

முள் கிழித்த ஓட்டைக்கு ஒட்டுத்துணி டேப் போதும். மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டி, ஒருநாள் விட்டுவிடுங்கள். டேப் ஓரிரு அங்குலம் உரிந்திருந்தால் சீம் சீலர் என்ற தையல் அடைக்கும் பசை பூசலாம். உட்பூச்சே பொருக்காக உதிரத் தொடங்கியிருந்தால் எந்தப் பசையும் உதவாது. அதன் ஜிப் இழுப்பான்களையும் கயிற்றுப் பூட்டுகளையும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். மலையில் முதலில் தொலைவதும் உடைவதும் அவைதான்.